கழிவுத் தேயிலையால் உலோகத்தைப் பிடிக்கலாமா? – கேள்வி பதில்

கழிவுநீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு போன்ற பார உலோகங்களைத் தேயிலைக் கழிவு, உமி, தும்புத்தூள் ஆகியவற்றால் அகற்றுவது பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நீர்ப் பரிசோதனைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

உயர்தர மாணவி, பண்டாரவளை: சேர், சக்கையாகிப்போன தேயிலை உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது? பாடசாலையில் செய்து காட்ட முடியுமா?

சாயம் இறங்கிய பிறகும் செலுலோசு, லிக்னின், தனின் எல்லாம் சக்கையில் தங்கிவிடுகின்றன. அவற்றிலுள்ள காபொட்சைல், பீனோல் கூட்டங்களில் உலோக அயன்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதுவே புறத்துறிஞ்சல். செம்பு, ஈயம், கட்மியம் மூன்றுக்கும் பிஎச் (நீரின் புளிப்பைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 முதல் 6 வரை பொருத்தமானது. அதற்குக் கீழே ஐதரசன் அயன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் மேலே போனால் உலோகம் ஐதரொட்சைட்டாகத் தானாகவே படியும். தேயிலைதான் சாதித்தது என்று நினைத்து ஏமாறுவீர்கள். ஆகவே தேயிலை போடாத ஒரு குவளையையும் பக்கத்தில் வையுங்கள். சக்கையை நிறம் வராமலாகும்வரை கொதிநீரில் கழுவிக் காயவைத்துச் சலித்தெடுங்கள். கழுவாமல் போட்டால் உலோகம் குறையும், ஆனால் தண்ணீர் தேநீராகிவிடும். செம்புச் சல்பேற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈய உப்பைப் பாடசாலை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கராஜ் நடத்துபவர், ஹட்டன்: பழைய பற்றரிகளைத் திறந்து கழுவும் தண்ணீர் கானில் ஓடுகிறது. அருகிலுள்ள தொழிற்சாலையில் கழிவுத் தேயிலை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கொட்டி வடித்தால் போதுமா அண்ணன்?

போதாது தம்பி. அது சல்பூரிக் அமிலம் கலந்த நீர். அந்தப் புளிப்பில் தேயிலை ஈயத்தைப் பிடிக்காது, பிடித்திருந்தாலும் விட்டுவிடும். முதலில் சுண்ணாம்பால் அமிலத்தை முறித்து, பிஎச் 9 அளவில் ஈயத்தைச் சேறாகப் படியவிட வேண்டும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் ஈயம் திரும்பவும் கரையத் தொடங்கும், அளந்து போடுங்கள். தெளிந்த நீரின் பிஎச்சை 6க்கு இறக்கிய பிறகுதான் தேயிலைக்கு வேலை. பெரும்பகுதியைச் சுண்ணாம்பு எடுக்கும், எஞ்சிய சிறிதளவைத் தேயிலை எடுக்கும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பற்றரியைத் திறக்கவே வேண்டாம்; முழுதாகச் சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஈயத்தூள் உடையோடு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைச் சேரும்.

தோட்ட உத்தியோகத்தர், தலவாக்கலை: தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செம்பு மருந்துத் தாங்கிகளைக் கழுவும் நீர் ஓடையில் கலக்கிறது. எவ்வளவு தேயிலைக் கழிவு தேவைப்படும்?

1946இல் அந்த நோய் இலங்கைக்கு வந்த காலம் தொட்டு செம்பு நம் மலைகளுக்குப் பழக்கமானதுதான். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீன்களுக்கோ அதைவிட மிகக் குறைந்த அளவு செம்பே ஆபத்தாகிவிடும். செம்பு ஒட்சைட்டு, ஐதரொட்சைட்டு மருந்துகள் பெரும்பாலும் கரையாத் துகள்கள். ஆகவே முதலில் ஒரு தொட்டியில் அடையவிட்டு மணலில் வடியுங்கள். கரைந்திருப்பதற்கு மட்டும் தேயிலை.

கணக்கு இப்படி: லீற்றருக்கு 5 மில்லிகிராம் செம்புள்ள 100 லீற்றர் நீரில் 500 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிராம் கழிவு 10 மில்லிகிராம் பிடிக்கும் என்று கொண்டால் 50 கிராம் போதும். நடைமுறையில் அதுபோல் பல மடங்கு வேண்டும், ஏனெனில் நீரில் செம்பு குறையக் குறையத் தேயிலையின் பிடிப்பும் தளரும்.

குடும்பப் பெண், மஸ்கெலியா: பீலித் தண்ணீர்க் குடத்தில் தேயிலைச் சக்கையைத் துணியில் கட்டிப் போடலாமா?

வேண்டாம் அக்கா. ஊறிய சக்கை கிருமிக்குத் தீனியாகும். பீலித் தண்ணீரில் முதலில் பயப்பட வேண்டியது கிருமிக்கு, கொதிக்கவைத்துக் குடியுங்கள். உலோகம் இருப்பதாகச் சந்தேகமிருந்தால் கொதிப்பு உதவாது, பரிசோதனைக்குக் கொடுங்கள். முருங்கை விதையும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரல்ல.

முலாம் பூசும் பட்டறைக்காரர், கண்டி: குரோமியத்துக்கும் இதே முறையா?

இல்லை. முலாமிடும் தொட்டியிலுள்ள ஆறு வலுவளவுள்ள குரோமியம் எதிரேற்ற அயனாக இருக்கும். அதைப் பிடிக்க பிஎச் 2 அளவு புளிப்பு வேண்டும். தேயிலைத் தனின் அதன் ஒரு பகுதியை மூன்று வலுவளவுக்கு இறக்கவும் செய்யும். பிறகு புளிப்பை முறித்து அதைப் படியவிட வேண்டும். உங்களிடம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மரக்கறித் தோட்டக்காரர், நுவரெலியா: உலோகம் பிடித்த தேயிலையைக் கடைசியில் பசளையாக்கலாமா?

கூடவே கூடாது. நீரிலிருந்து எடுத்ததைக் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் கொடுப்பதாகிவிடும். எரித்தாலும் உலோகம் சாம்பலிலும் புகையிலும் இருக்கும். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவி உலோகத்தைப் பிரித்துத் தேயிலையைச் சில தடவை திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அமில நீர் கையில் இருக்கும், அதையும் கையாள வேண்டும். இந்த முறை மலிவு என்று சொல்பவர்கள் பலர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூடிய பீப்பாயில் பெயரெழுதி, மழைபடாமல் வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம், முதல் மூட்டைத் தேயிலையை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.