பயிற்சியில் பறக்கிறாள், போட்டியில் ஃபவுல்: மகளுக்கு மன உறுதி முகாம் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். நீளம் தாண்டும் வீராங்கனை. பயிற்சியில் 5.40 மீட்டர் வரை தாண்டுகிறாள். குறுவட்டப் போட்டியில் முதலிடம். அடுத்த கட்டமான வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனால் முதல் இரண்டு வாய்ப்பும் ஃபவுல், மூன்றாவதில் பயந்து பயந்து ஓடி 4.80. போன வருடமும் இதே கதைதான். ‘திறமை இருக்கு, மனசுதான் வீக்’ என்கிறார் பயிற்சியாளர். மூன்று நாள் மன உறுதி முகாம் ஒன்றுக்கு 9,500 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? இப்போதெல்லாம் மைதானத்துக்குப் போகவே சலித்துக்கொள்கிறாள்.
(ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்)

பதில்: சேர்க்க வேண்டாம். கடைக்குப் போய் 50 மீட்டர் அளவு டேப் ஒன்று வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மகளின் மனசு வீக் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. காலை ஊன்றி எகிற வேண்டிய பலகையைத் தாண்டி மிதித்திருக்கிறாள், அதனால் ஃபவுல், அவ்வளவுதான். தினமும் மாலையில் மண் தரையில், பழகிய ஷூவில், யாரும் பார்க்காதபோது ஓடுகிற பெண் அவள். போட்டி நாளில் இதயம் படபடக்கிறது, உடம்பு சூடேறியிருக்கிறது, காலில் முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூ, சில இடங்களில் கீழே சிந்தெட்டிக் தரை. ஒவ்வொரு எட்டும் கொஞ்சம் நீளமாக விழும். 16 எட்டு ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கு 2 சென்டிமீட்டர் கூடினால் போதும், பலகைக்கு வரும்போது கால் 32 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். பலகையின் அகலமே 20 சென்டிமீட்டர்தான். ஃபவுல் ஆகாமல் என்ன செய்யும்? வேகம் கூடியதால் வந்த ஃபவுல் இது. இதற்குப் போய் வீக் என்று பெயர் வைக்கிறோம்.

மூன்றாவது வாய்ப்பில் நடந்தது வேறு. மறுபடி ஃபவுல் ஆகிவிடுமோ என்று கடைசி நாலைந்து எட்டில் பலகையைக் குனிந்து பார்த்திருப்பாள், எட்டைச் சுருக்கியிருப்பாள். வேகம் செத்துவிட்டது, 4.80. பயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான். அந்தப் பயமும் முதல் இரண்டு ஃபவுலால் வந்ததுதான்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-இல் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவருக்கும் முதல் இரண்டு தாண்டல் ஃபவுல், மூன்றாவது 7.61. ஏறக்குறைய உங்கள் மகளின் ஸ்கோர் ஷீட் மாதிரியே இருக்கிறது பாருங்கள். அவர் ஒலிம்பிக் வரை போனவர். அவரை மனசு வீக் என்று சொல்லிவிட முடியுமா?

சரி, என்ன செய்யலாம்? ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பலகைக் கோட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் முன்னால் அல்லது பின்னால் கால் விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். தாண்டிய தூரம் வேண்டாம். இரண்டு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். எல்லாமே ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் தொடங்கும் குறியை நகர்த்தினால் தீர்ந்தது. ஒன்று 20 முன்னால், அடுத்தது 30 பின்னால் என்று சிதறினால் கோளாறு முதல் மூன்று எட்டில் இருக்கிறது. ஒருநாள் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறாள், ஒருநாள் நடந்து வந்து கிளம்புகிறாள். அதைப் பயிற்சியாளர்தான் சரிசெய்ய வேண்டும். மனசைக் குற்றம் சொல்வது அவருக்குச் சுலபமாக இருக்கிறது, டேப் பிடிக்க ஆள் வேண்டுமே!

அப்புறம், வாரத்தில் ஒருநாள் போட்டி மாதிரியே நடத்துங்கள். மூன்றே தாண்டல். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், தம்பியோ தங்கையோ நடுவர் மாதிரி ஃபவுலுக்குச் சிவப்புத் துணியும் சரியான தாண்டலுக்கு வெள்ளைத் துணியும் பிடிக்கட்டும். சிரிப்பாக இருக்கும்; இருக்கட்டும். விதிப்படி பெயர் அழைத்த பிறகு ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்று அவள் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். குறியில் கால், இரண்டு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக, மனதுக்குள் ஒரே ஒரு சொல், ஓட்டம். அந்தச் சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ‘எகிறு’ என்று சொல்லிக்கொண்டு ஓடுவாள். பார்வை பலகையில் இருக்கக் கூடாது, குழிக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். மன உறுதி என்று நீங்கள் கேட்டது இதுதான். மாதக்கணக்கில் செய்தால் வரும்.

போட்டியில் முதல் தாண்டலுக்கு மட்டும் குறியை ஒரு அடி பின்னால் வையுங்கள். அதிகம் போனால் 30 சென்டிமீட்டர் நஷ்டம். 5.40 தாண்டுகிறவளுக்கு அப்போதும் 5.10 கிடைக்கும், 4.80-ஐவிட எவ்வளவோ மேல். எட்டுப் பேருக்கு மேல் கலந்துகொண்டால் மூன்று வாய்ப்பு முடிந்து முதல் எட்டு இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் மேலும் மூன்று. அந்த எட்டுப் பேருக்குள் நுழைய ஒரு சரியான தாண்டல் கையில் இருந்தாக வேண்டும்.

இப்போது அந்த முகாமுக்கு வருகிறேன். இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கவைக்கிறோம் என்று ‘மிட் பிரெய்ன்’ வகுப்பு விற்ற அதே ரகம். இப்போது பேனரை மாற்றிவிட்டார்கள். கண்ணாடித் துண்டு மேல் நடக்கவைப்பார்கள், தொண்டையில் அம்பை வைத்து உடைக்கச் சொல்வார்கள், கடைசி நாள் பெற்றோரை அழைத்து உட்காரவைத்து அழவைப்பார்கள். பிள்ளை இரண்டு வாரம் துள்ளும். மூன்றாவது வாரம் போட்டியில் அதே இடத்தில் அதே ஃபவுல். அப்புறம்தான் உண்மையான பாதிப்பு: ‘அப்பா இவ்வளவு செலவு பண்ணியும் என்னால முடியலையே’ என்ற எண்ணம். அந்தப் பாரத்தோடு 16 எட்டு ஓடிப் பாருங்கள், தெரியும்.

2024-இல் உலகச் செஸ் சாம்பியன் பட்டம் வென்ற குகேஷுடன் வேலை செய்த பேடி அப்டன் போன்ற மனப் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் கூடவே இருந்து பேசுகிறவர்கள். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நீளம் தாண்டுதலில் எத்தனை வாய்ப்பு?” பதில் தெரியாமல் முழிப்பார்.

முகாமுக்குப் பின்னாலேயே பவுடர் டப்பா வரும். போட்டிக்கு அரைமணி முன் கலக்கிக் குடித்தால் ‘எனர்ஜி’ என்பார்கள். இந்த வகைப் பவுடர்கள் சிலவற்றில் மெத்தில்ஹெக்சனமைன் போன்ற தடைசெய்யப்பட்ட ஊக்கிகள் கலந்திருந்து வீரர்கள் மாட்டியிருக்கிறார்கள். லேபிளில் அந்தப் பெயர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘எனக்குத் தெரியாது, அண்ணன் குடுத்தார்’ என்பது ஊக்கமருந்து விசாரணையில் எடுபடாது. உடம்பில் இருப்பதற்கு அந்த உடம்புக்காரர்தான் பொறுப்பு. இரண்டு வாழைப்பழம் போதும்.

அடுத்த ஆள் இன்னும் ஆபத்தானவர். ‘மாவட்டத்துல அரசியல் சார், நேரா நேஷனல் போயிடலாம்’ என்பார். ஏதோ ஒரு பெயரில் ஒரு கூட்டமைப்பு, கோவாவிலோ டெல்லியிலோ போட்டி, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் நேபாளத்தில் ‘இன்டர்நேஷனல்’. ஒரு பிரிவில் மூன்று பேர் ஓடுவார்கள், மூன்று பேருக்கும் மெடல். ஊர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழை நீட்டும்போதுதான் அது செல்லாது என்று தெரியும். பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், இந்தப் போட்டியின் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று கேட்டுவிடுங்கள். பாவம், எத்தனை அப்பாக்கள் நகையை அடகு வைத்து நேபாளம் போய் வந்திருக்கிறார்கள்!

இவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? நம் பள்ளிப் போட்டிகள் நடக்கும் லட்சணம்தான். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டி அறிவிப்பு வருகிறது. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும், சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வருவார். மணல் குழியை அன்று காலையில்தான் கொத்துவார்கள். பலகை இருக்காது, சுண்ணாம்புக் கோடு இருக்கும். நாலு பேர் மிதித்ததும் அதுவும் இருக்காது. 100 மீட்டர் ஹீட்ஸும் நீளம் தாண்டுதலும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை எங்கே என்று கேட்டால் அக்கம்பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். வருடம் முழுக்க பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிட்டு, போட்டியில் தோற்றால் பிள்ளைக்கு மன உறுதி இல்லையாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மைதானத்துக்குப் போகச் சலித்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆர்வக் குறைவு என்று முடிவு கட்டும் முன் ரத்தம் பாருங்கள். வளர்கிற வயது, மாதவிடாய், தினமும் ஓட்டம். இந்த வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சர்வசாதாரணம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்து, சேமிப்பில் உள்ள இரும்பு மட்டும் தீர்ந்துபோயிருக்கவும் கூடும். அதனால் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் தூக்கம், எரிச்சல், கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றை அவள் அம்மா கேட்கட்டும். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லையா? ‘ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்’ என்று மைதானத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு பலவீனமாகும், கால் எலும்பில் விரிசல் விழும். மாலைப் பயிற்சிக்கு முன் வெறும் டீ, பிஸ்கட் என்று போகிற பிள்ளையிடம் ஊக்கத்தை எங்கே தேடுவது? மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூடவே, மைதானத்தில் யாராவது தவறாக நடந்துகொள்கிறார்களா என்றும் அம்மா மெல்லக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக உங்களைப் பற்றி. சில வருடம் முன் ஒரு போட்டியில் வேலிக்கு வெளியே ஒரு அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மகள் குறியில் நிற்கிறாள்; பார்வை குழியில் இல்லை, அப்பா கையில். மூன்று தாண்டலும் ஃபவுல், மூன்றும் இரண்டு விரல்கடை. சாக்ஸைக் கழற்றி மணலை உதறுகிறாள், உதறிக்கொண்டே இருக்கிறாள், நிமிரவே இல்லை. வண்டியில் ஏறியதும் அவர் முதல் வார்த்தையாக என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். புரோட்டாவா தோசையா என்று மட்டும் கேளுங்கள். ஃபவுலைப் பற்றி மறுநாள் நோட்டைத் திறந்து பேசிக்கொள்ளலாம்.

டேப் வாங்கும்போது இரும்பு டேப் வேண்டாம், மணலும் ஈரமும் பட்டுத் துரு ஏறிவிடும். ஃபைபர் டேப் என்று கேட்டு வாங்குங்கள்.