இரண்டாவது பிள்ளைக்கு இரட்டை ஸ்ட்ரோலர் தேவையா?

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மூத்தவனுக்கு ஒன்றரை வயது. அடுத்த பிள்ளை இன்னும் மூன்று மாதத்தில். முதலாவது சிசேரியன், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொந்த வாகனம் இல்லை, எங்கே போனாலும் ஓட்டோதான். லண்டனில் இருக்கும் அக்கா வரும்போது இரண்டு பிள்ளைகளும் இருக்கக்கூடிய ஸ்ட்ரோலர் கொண்டுவருகிறேன் என்கிறார். மாமியோ, "நாங்கள் இடுப்பில் வைத்துத்தானே வளர்த்தோம், இந்த ரோட்டில் அதை எங்கே உருட்டுவது?" என்று கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: இரட்டை ஸ்ட்ரோலர் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, முழுவதும் படுக்கையாகச் சாயக்கூடிய, பாரம் குறைந்த ஒற்றை ஸ்ட்ரோலர் ஒன்றும், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் கட்டும் நல்ல பேபி கரியர் ஒன்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் போதும். மாமி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை உங்கள் சிசேரியன் மாற்றிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்ட்ரோலர் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இருக்கையையும் நிறத்தையும்தான். நான் முதலில் கேட்பது, நீங்கள் போகும் வழியில் ஆக இடுக்கமான இடம் எது என்று. அந்த இடத்தில் நுழையாத வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு மாதத்தில் வீட்டு மூலையில் துணி போடும் இடமாகிவிடும். லண்டன் பஸ்கள் தாழ்ந்த தளம் கொண்டவை, பிள்ளை வண்டியை உருட்டிக்கொண்டே ஏறி நிறுத்த உள்ளே இடமும் உண்டு. அக்கா அதை மனதில் வைத்துச் சொல்கிறார். இங்கே 100 ஆம் இலக்க பஸ்ஸில் படியேறுவதற்கே ஒரு கை கம்பியில் இருக்க வேண்டும்.

உங்கள் வழியில் இடுக்கமான இடங்கள் மூன்று இருக்கும். முதலாவது லிஃப்ட் கதவு. பக்கத்துப் பக்கமாக இருவர் இருக்கும் வண்டிகள் ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் அகலம். பழைய தொடர்மாடிகளில் லிஃப்ட் கதவு அதைவிடக் குறுகலாக இருக்கலாம், அளவுநாடாவால் இன்றைக்கே அளந்து பாருங்கள். கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாத நேரத்தில் மூன்று மாடி தூக்கவும் வேண்டும். இரட்டை வண்டிகள் வெறுமனே 10 முதல் 15 கிலோ வரை பாரம்.

இரண்டாவது நடைபாதை. காலி வீதி ஓரம் கான் மூடிகள், உடைந்த சிலாப்புகள், நடுவில் நிற்கும் மின்கம்பம், பழக்கடை, அதற்கு மேல் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள். அகலமான வண்டி அங்கே வீதிக்கு இறங்கித்தான் போக வேண்டும், பஸ்கள் ஓரம்கட்டும் பக்கத்தில். ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் இருக்கும் வகை ஒடுக்கமானது, ஆனால் நீளம். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது, முன்னால் இருக்கும் பிள்ளையின் பாரத்தையும் சேர்த்துக் கைப்பிடியை அமத்தி முன் சக்கரத்தைக் கிளப்ப வேண்டும். மூத்தவன் 11 கிலோ, இளையது 4 கிலோ, வண்டி 12 கிலோ என்று வைத்தால் 27 கிலோ. வயிற்றில் தையல் காயம் ஆறாத ஒருவர் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

மூன்றாவது ஓட்டோ. பின்சீற்றுக்குப் பின்னால் சாமான் வைக்கும் சின்ன இடம் இருக்கிறதே, அதுதான் உங்கள் டிக்கி. விமானத்தில் தலைக்கு மேல் வைக்கலாம் என்று விற்கப்படும் மடிப்பு வண்டிகள், மடித்ததும் ஏறக்குறைய 55 க்கு 45 க்கு 20 சென்ரிமீற்றருக்குள் அடங்கும், பாரமும் 6 முதல் 7 கிலோதான். அங்கே நுழையாவிட்டாலும் காலடியில் நிமிர்த்தி வைக்கலாம். இரட்டை வண்டிக்கு இரண்டு இடத்திலும் வழியில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கார் கூப்பிட வேண்டிவரும்.

இனி இரண்டு பிள்ளைகளையும் எப்படிக் கொண்டுபோவது? இளையது பிறக்கும்போது மூத்தவனுக்கு 21 மாதம் ஆகியிருக்கும். கொஞ்சத் தூரம் நடப்பான், திடீரென்று ஓடுவான், அப்புறம் தூக்கச் சொல்லி வீதியிலேயே உட்காருவான். சிசேரியனுக்குப் பிறகு ஆறு வாரம் அளவில், பிறந்த பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்பதுதான் வழக்கமாகக் கொடுக்கும் ஆலோசனை. உங்கள் டொக்டர் சொல்லும் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமி இடுப்பில் வைத்து வளர்த்தது உண்மைதான். ஆனால் உங்கள் இடுப்புக்கு 11 கிலோ பிள்ளை கொஞ்சக் காலம் வரக்கூடாது. ஆகவே ஸ்ட்ரோலர் முதலில் மூத்தவனுக்குத்தான். இளையது நெஞ்சில். முதல் வாரங்களில் கரியரைக் கட்டுவது கணவராக இருக்கட்டும். பல வீடுகளில் பிள்ளை பிறந்து 31 நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் கிளினிக்குக்குத் தவிர வெளியே போவதில்லை என்பதால் அந்தக் காலத்தில் பயணமும் குறைவு.

பிறகு நீங்கள் தனியே இரண்டு பேரோடும் இறங்கும் நாள் வரும். அன்றைக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். காலி வீதியைக் கடக்கும்போது மூத்தவன் ஐந்து பட்டி போட்டு வண்டியில் இருப்பான், இளையது உங்கள் உடம்போடு இருக்கும், உங்கள் இரண்டு கையும் கைப்பிடியில். ஓடிப்போகும் வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்து, கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு பாதசாரிக் கடவையில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இளையது தானாக இருக்கத் தொடங்கும் ஆறு, ஏழு மாதத்தில் மூத்தவனுக்கு இரண்டேகால் வயது தாண்டியிருக்கும். அப்போது இருவரும் முறை மாற்றலாம், வண்டியோடு பொருந்துமென்றால் பின்னால் பூட்டும் நிற்கும் பலகையும் வாங்கலாம். அப்படி ஒரு பலகை அந்த மொடலுக்கு உண்டா என்று வாங்குமுன் கேட்பது நல்லது.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் என் பதில் வேறாக இருக்கும். வீட்டில் கார் இருந்து, பின்னேரங்களில் சுதந்திர சதுக்கத்திலோ தியவன்னா ஓயா நடைபாதையிலோ இறக்கி நடப்பவர்களுக்கும் இரட்டை வண்டி நன்றாகப் பயன்படும். சமதளமான தரை, அகலமான பாதை. உங்களுக்கு அந்த நடை மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும்.

சரி, ஒற்றை ஸ்ட்ரோலரில் என்ன பார்ப்பது? முதலில் சாய்வு, இளையதையும் சிலவேளை இதில் படுக்கவைக்க வேண்டிவரும். பிறந்த பிள்ளையின் கழுத்துத் தசைக்குப் பலம் போதாது. நிமிர்ந்த இருக்கையில் தலை முன்னால் விழுந்து, நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி ஒடுங்கும். அதனால் ஏறக்குறைய ஆறு மாதம்வரை தட்டையாகப் படுக்கும் இருக்கைதான் வேண்டும். "பிறந்ததிலிருந்து" என்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறாரா என்று லேபிளில் பாருங்கள், கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. அடுத்தது பாரம் தாங்கும் அளவு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1888 இரண்டு பகுதியாக இருக்கிறது. முதற்பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் மூன்று வயதுப் பிள்ளையின் நடுத்தர நிறை 14 கிலோவை ஒட்டி வருகிறது. ஆகவே 15 கிலோ வண்டி உங்கள் மூத்தவனுக்கு ஒரு வருடம் கொஞ்சம் தாண்டி உதவும், 22 கிலோ வண்டி இளையதின் காலம் முழுவதும் நிற்கும். கூடுதலாகக் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள்.

சக்கரம் சிறிதானால் சிலாப் இடுக்கில் மாட்டும், வண்டி நின்று பிள்ளை முன்னால் தள்ளப்படும். மடிப்பு வண்டிகளில் பெரிய சக்கரம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரே நீளத்துக்கு மடியும் வண்டிகளுக்குள்ளும் சக்கர அளவில் வித்தியாசம் உண்டு, பெரியதைத் தெரிவு செய்யுங்கள். முன்சக்கரம் திரும்பாமல் பூட்டும் வசதி இருந்தால் கரடுமுரடான இடத்தில் உதவும். காற்றடிக்கும் ரயர் சுகமாக ஓடும்தான், பஞ்சரானால் அந்த அளவு ரியூப்புக்குக் கொழும்பில் அலைய வேண்டியிருக்கும்.

கைப்பிடியில் மரக்கறிப் பையைத் தொங்கவிடும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். பாரம் குறைந்த வண்டியில், பிள்ளையைத் தூக்கிய அடுத்த நொடி அது பின்பக்கம் கவிழும். பிள்ளை உள்ளே இருக்கும்போதே கவிழ்ந்தால் தலைதான் தரையில் அடிபடும். சாமானைக் கீழே உள்ள கூடையில் போடுங்கள், கூடையின் அளவுக்கு மேல் வாங்கினால் இன்னொரு ஆளோடு போங்கள்.

மடிக்கும் மூட்டில் பிள்ளையின் விரல் சிக்குவது உண்மையான ஆபத்து. 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 லட்சம் ஸ்ட்ரோலர்களைத் திருப்பி அழைத்தது, பிணைச்சலில் சிக்கிப் பிள்ளைகளின் விரல்நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு. மூட்டுக்கு உறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் மூத்தவன் கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அவன் கட்டாயம் உதவிசெய்ய வருவான்.

கொழும்பின் வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லண்டனில் எழுதிய வழிகாட்டிகளில் இது வராது. வெயில் படாமல் வண்டிக்கு மேல் துணியைப் போர்த்துவது இங்கே எல்லோரும் செய்வது. ஆஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, உலர்ந்த துணி மூடிய வண்டியின் உட்புறம், மூடாததைவிட 3 பாகை அளவில் கூடுதலாகச் சூடாகியிருந்தது. மெல்லிய துணியும் காற்றை மறிக்கத்தான் செய்கிறது. ஈரத்துணி காயும்போது குளிர்ச்சி தரும், ஆனால் நம்முடைய ஈரக்காற்றில் அது காய நேரம் எடுக்கும் என்பதால் அதையும் நான் நம்பமாட்டேன். வேண்டியது ஆழமாக இறங்கும் கூரையும், வலை வைத்த முதுகுப்பக்கமும். வெயில் ஏறுமுன் காலையில் போங்கள், அல்லது பின்னேரம் மரைன் டிரைவில் கடற்காற்று வரும்போது.

அந்த நேரங்களில்தான் டெங்கு நுளம்பும் கடிக்கிறது, அதிகாலையிலும் பொழுதுபடுமுன்னும். வண்டியின் வாயை முழுதாக மூடும், ஓரத்தில் இறப்பர் வைத்த நுளம்பு வலையைத் தனியாக வாங்குங்கள். நுளம்பை விரட்டும் டீட் என்ற மருந்து கலந்த பூச்சு இரண்டு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது, அவர்களுக்கு வலைதான் பாதுகாப்பு. மழைக்கான பிளாஸ்ரிக் உறையும் தேவை. ஆனால் மழை விட்டவுடன் கழற்றுங்கள், வெயிலில் அது கண்ணாடிக்கூடு மாதிரிச் சூடேறும்.

கடலுக்கு அருகில் இருப்பதால் அலுமினியச் சட்டம் நல்லது, இரும்பில் உப்புக்காற்று சீக்கிரம் வேலை காட்டும். இடைக்கிடை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சக்கர அச்சையும் மூட்டுகளையும் துடையுங்கள். நனைந்த வண்டியை மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் மணக்கும். கழற்றித் துவைக்கும் துணி உள்ளதையே வாங்குங்கள்.

கரியர் பற்றிச் சுருக்கமாக. இளையதின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் கொஞ்சக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும், நாடி நெஞ்சில் படக்கூடாது. முழங்கால் இரண்டும் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடை அகல விரிந்திருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. மெல்லிய பருத்தி அல்லது வலைத்துணி. குறைந்தபட்ச நிறை பெரும்பாலும் மூன்றரை கிலோவை ஒட்டியிருக்கும், பிள்ளை சிறிதாகப் பிறந்தால் காத்திருங்கள். கரியர் ஓடும் வாகனத்தில் பாதுகாப்பு ஆசனத்துக்கு ஈடாகாது. ஸ்ட்ரோலரில் பிள்ளையை வைத்தபடி ஓட்டோவில் ஏற்றுவதும் கூடாது. தூரப் பயணத்துக்குக் காரும், பெல்ட்டில் பூட்டும் பேபி சீற்றும் எடுக்கப் பாருங்கள்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியவை. கைக்குழந்தையோடு பயணம் செய்பவருக்குப் பல விமான சேவைகள் ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்றும். அவர் தனியே வருவதால் அது அவருடைய பொதிக்கணக்கில்தான் வரும். ஒரு பொதிக்கு 23 கிலோ என்றால் இரட்டை வண்டி அதில் பாதியை விழுங்கும், ஒற்றை வண்டியோடு மற்றச் சாமான்களும் வரும். அங்கே வாங்கியதன் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம், அதனால் முன்சக்கரம் ஒரு சோடியும் மழை உறையும் கூடவே வாங்கச் சொல்லுங்கள். யாராவது பாவித்ததைத் தருவதென்றால் மறுக்க வேண்டியதில்லை. இருக்கைக்குக் கீழே உள்ள லேபிளில் மொடல் பெயரையும் தயாரித்த ஆண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அது திருப்பி அழைக்கப்பட்ட ஒன்றா என்று தேடுங்கள். சரிவில் நிறுத்திப் பிரேக் பிடிக்கிறதா, விரித்ததும் சட்டம் "கிளிக்" என்று பூட்டுகிறதா, பட்டியின் கொக்கி தானாகக் கழராமல் நிற்கிறதா என்பதை அக்கா அங்கேயே பார்க்க வேண்டும். வாங்குமுன் கடையில் ஒரு கையால் மடித்துக் காட்டும் வீடியோ ஒன்றும் கேளுங்கள். மற்றக் கையில் பிள்ளை இருக்கும்போதுதான் நீங்கள் அதை மடிக்கப்போகிறீர்கள்.