மாமியாருக்கு மாத்திரையை இடித்துத் தரலாமா? முதலில் ஸ்டிரிப்பைப் பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: மாமியாருக்கு வயது 72. பக்கவாதம் வந்ததிலிருந்து மாத்திரை தொண்டையில் இறங்குவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதற்கு, "எல்லாத்தையும் இடிச்சுக் குடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்களாம். காலை மாத்திரைகள் ஐந்தையும் இடிகல்லில் பொடித்து ரசம் சாதத்தில் பிசைந்து தருகிறார். பத்து மணிக்கெல்லாம் மாமியாருக்குத் தலை சுற்றுகிறது. சாயங்காலம் பார்த்தால் பிபி ஏறியிருக்கிறது. மருத்துவர் டோஸைக் கூட்டிவிட்டார். வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

ஸ்டிரிப்புகளைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. அதில் பிபி மாத்திரையான மெட்டோபிரோலால் என்ற பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல். என்று போட்டிருக்கிறது. என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரை அது. இடித்துவிட்டால் 24 மணி நேரத்து மருந்தும் காலையிலேயே மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். நாடித்துடிப்பும் பிபியும் சரிந்து தலை சுற்றும்; சாயங்காலத்துக்குள் மருந்து தீர்ந்து பிபி ஏறும். நீங்கள் இடிப்பது மருத்துவருக்குத் தெரியாது. ஏறிய பிபியைப் பார்த்து அவர் டோஸைக் கூட்டினார். இனி காலை மயக்கமும் கூடத்தான் செய்யும். அதனால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் இன்றே அவருக்குப் போன் செய்து, இடித்துத் தருவதைச் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். தலை சுற்றும் நேரத்தில் வீட்டு மெஷினில் சர்க்கரையையும் பாருங்கள். சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. சாப்பாடு குறைந்தால் அது சர்க்கரையை இறக்கிவிடும்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று எது ஒட்டியிருந்தாலும் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, இடிக்கக் கூடாது. "நடுவில் கோடு இருக்கிறதே, உடைக்கலாம்தானே?" என்று அடுத்து கேட்பார்கள். இதில் ஒரு விஷயம் உண்டு. எக்ஸ்.எல். மெட்டோபிரோலாலைச் சில கம்பெனிகள் நடுவில் கோடு போட்டே செய்கின்றன. அந்தக் கோட்டில் பாதியாக உடைத்து, அந்தப் பாதியை மெல்லாமல் அப்படியே விழுங்கலாம். அந்தப் பாதியும் மெதுவாகத்தான் கரையும். ஆனால் அதை மறுபடி உடைத்தாலோ, மென்றாலோ, இடித்தாலோ கதை முடிந்தது. கோடு இருப்பது பாதியாக்க மட்டும்தான். எல்லாக் கம்பெனி மாத்திரையும் இப்படிக் கிடையாது, ஆகவே கோட்டைப் பார்த்ததும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். உங்கள் மாமியாருக்குப் பாதியும் இறங்காது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இதையெல்லாம் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து எடுத்துத் தர வேண்டும். பல கடைகளில் அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். கவுன்டரில் நிற்கும் பையன் நல்ல பையனாக இருக்கலாம், அவனுக்கு எக்ஸ்.எல். என்றால் சட்டை அளவுதான் தெரியும். போதாக்குறைக்கு நான்கு மாத்திரை கேட்டால் ஸ்டிரிப்பை வெட்டித் தருவார்கள். பெயரும் தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடும். முழு ஸ்டிரிப்பாக வாங்குங்கள். "அந்த கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறொன்றைக் கொடுத்தால் பின்னால் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மாத்திரைக்குப் பதில் எஸ்.ஆர். கைமாறுவது அடிக்கடி நடக்கிறது. எழுத்தைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சடித்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, மருத்துவரிடம் என்ன கேட்பது? பிபிக்குச் சாதாரண மெட்டோபிரோலாலை இரண்டு வேளையாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அதை இடிக்கலாம். சர்க்கரைக்கு இப்போது இருப்பது கிளிமிபிரைடும் எஸ்.ஆர். மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. இரண்டையும் சாதாரண மாத்திரைகளாகத் தனித்தனியே எழுதித் தரலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை இடிப்பது வீண் வேலை: மேல்பூச்சு போனால் வயிற்று அமிலமே அந்த மருந்தைக் கெடுத்துவிடும். அதற்குப் பதிலாகக் கடையில் ஒமிபிரசோல் கேப்சூலைத் திறந்து கொடுக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாமியாருக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெலின் பலனை ஒமிபிரசோல் குறைக்கும். எது சரி, அல்லது இரைப்பை மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரே சொல்லட்டும். குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் இரண்டையும் பொடிக்கலாம், பயமில்லை.

பொடிப்பதை அம்மியிலும் இடிகல்லிலும் செய்யாதீர்கள், கணிசமான மருந்து கல்லோடு போய்விடும். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் போதும். மருந்துக் கடையில் பொடிக்கும் டப்பாவும் கிடைக்கும். ஒவ்வொரு மாத்திரையையும் தனியாகப் பொடித்து, கொடுக்கப்போகும் அந்த நிமிடத்தில் ஒரே ஒரு ஸ்பூன் தயிரிலோ கெட்டியான கஞ்சியிலோ கலந்து கொடுங்கள். சாதம் முழுவதிலும் பிசைந்தால் நான்கு கவளத்தோடு போதும் என்பார், பாதி மருந்து தட்டில் கிடக்கும். சூடான ரசம் வேண்டாம். மருந்து கலந்திருப்பதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். நன்றாக நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தச் சொல்லிக் கொடுங்கள். கொடுத்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், தண்ணீர் குடித்தாலும் இருமுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மாத்திரையைவிட அதுதான் கவலை. பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். இருமலோடு குரலும் நீர் கோத்ததுபோல் மாறினால் தாமதிக்காதீர்கள். அதற்குத்தான் விழுங்கும் பயிற்சி தருகிற பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கித் தர வேண்டும் என்பதை அவர் பார்த்துச் சொல்வார். பாட்டிலைச் சப்பி விழுங்குவது, அண்ணாந்து விழுங்குவது என்று வாட்ஸப்பில் வரும் வித்தைகள் எதையும் அவரிடம் சோதிக்காதீர்கள்.

இடையில் ஹோம் நர்சிங் ஏஜென்சிக்காரர் வந்து, "மூக்கில் டியூப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை, இந்த பவுடரை மட்டும் கொடுங்கள்" என்பார். டியூப் தேவைப்படுகிறவர்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது விழுங்கும் பரிசோதனை செய்தவரும் உங்கள் மருத்துவரும். ஏஜென்சிக்கு டியூப் மாற்றும் ஒவ்வொரு முறையும் பணம், பவுடருக்குக் கமிஷன். அவரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.