பாம்புக்கடி ஆறி 2 வருஷம் கழிச்சு தாடி வளரலையா?

"அப்பாவுக்கு 48 வயசு, 2 வருஷம் முன்னாடி நெல் அறுக்கப் போன இடத்துல கண்ணாடி விரியன் கடிச்சு, கிட்னி ஃபெயிலாகி, 3 வாரம் டயாலிசிஸ் பண்ணிதான் பொழைச்சாரு. இப்ப எந்நேரமும் படுத்தே கெடக்காரு, சித்திரை வெயில்லயும் போர்வை கேக்குறாரு. தைராய்டு நார்மல். மனசு உடைஞ்சுபோச்சுன்னு ஊர்ல சொல்றாங்க, வேற என்னவா இருக்கும்?"னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அப்பா ஷேவ் பண்ணியே மாசக்கணக்காச்சு, தாடியே வளர மாட்டேங்குதுன்னு, அதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மனசு சரியில்லாதவனுக்கு தாடி வளந்துல்ல கெடக்கும்!

பிட்யூட்டரி அடிவாங்கியிருக்கும்னு சந்தேகப்படறேன். மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல இருக்கற சுரப்பி, தைராய்டு, கிட்னிக்கு மேல இருக்கற அட்ரீனல் சுரப்பி, ஆண்களோட விரைன்னு எல்லாத்தையும் வேலை வாங்கற மேஸ்திரி. விரியன் விஷம் ரத்தக்குழாய்க்குள்ளயே ரத்தத்தை பொடிப்பொடியா உறைய வைக்கும், உறையறதுக்கான சரக்கு தீர்ந்ததும் கண்ட இடத்துல கசியும், பிரஷரும் இறங்கும், இந்தக் களேபரத்துல பிட்யூட்டரிக்கு ரத்தம் போகாம செத்துப்போகலாம். பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போன பெண்களுக்கு வர்ற ஷீஹான் சிண்ட்ரோம் மாதிரியேதான். பர்மா விவசாயிகள்கிட்ட இதைப் பாத்து 1987லயே எழுதிட்டாங்க, இந்தியாவுலயும் கேஸ் வந்திருக்கு, ஆனா கடிக்கும் களைப்புக்கும் நடுவுல வருஷம் ஓடிடறதால யாரும் முடிச்சுப் போட்டுப் பாக்கறதில்ல.

சரி, தைராய்டு எப்படி நார்மல்? தைராய்டை வேலை வாங்கற டி.எஸ்.எச். ஹார்மோனை மட்டும் பாத்திருப்பாங்க. அதை அனுப்பறதே பிட்யூட்டரிதான், மேஸ்திரியே படுத்துட்டா அவர் எழுதின கணக்கை நம்ப முடியுமா? தைராய்டே சுரக்கற ஹார்மோனான ஃப்ரீ டி4 சேத்துப் பாருங்க, காலையில 8 மணி கார்ட்டிசால் (அட்ரீனல் சுரக்கற ஹார்மோன்), சோடியம், தாடியை வளர வைக்கற ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோட ஹார்மோன் டாக்டரை (எண்டோகிரைனாலஜிஸ்ட்) பாருங்க.

டி4 கம்மின்னு வந்ததும் தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, இது ரொம்ப முக்கியம். கார்ட்டிசாலும் கம்மியா இருந்தா, அந்த மாத்திரை உடம்புல மிச்சமிருக்கற கார்ட்டிசாலையும் வேகமா தீர்த்து பிரஷரை சாய்ச்சுடும். மொதல்ல ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு. ஸ்டீராய்டான்னு பதறாதீங்க, உடம்பு தானா சுரக்க வேண்டிய கார்ட்டிசாலைத்தான் மாத்திரையா குடுக்கறாங்க. நாமளா நிறுத்த மட்டும் கூடாது, காய்ச்சல் வந்தா டோஸ் ஏத்தணும், எவ்வளவுன்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கங்க.

டெஸ்ட் எடுக்கறதுக்குள்ளயே வாந்தி, மயக்கம், பேச்சு குழறல்னு வந்தா நேரா எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க, போனதும் "விரியன் கடிச்ச ஆளு, பிட்யூட்டரி சந்தேகம்"னு சொல்லிடுங்க.