சுவரில் அழுக்கில்லை

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபி கடை திறக்கப்போகிறேன். இணையதளம், மெனு கார்டு, சுவர் எல்லாம் ஒரே பீஜ் (வெளிர் மணல்) நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டரில் ‘பீஜ்’ என்றே பெயருள்ள நிறத்தை எடுத்து, அதற்கேற்ப பெயின்ட் கலக்கச் சொன்னேன். திரையில் இதமாக இருந்தது, சுவரில் பச்சை தட்டி அழுக்கு மாதிரி தெரிகிறது. மாமா வந்து பார்த்துவிட்டு, “ப்ரைமர் அடிச்சாச்சு, பெயின்ட் எப்போ?” என்கிறார். பீஜ் உயிரில்லாத நிறம் என்கிறார்கள் நண்பர்கள். சரியான கலர் கோட் எது? படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்., ஏற்காடு

அன்புள்ள எஸ்.,

நண்பர்களை விடுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கடை திறக்க முடியாது. மாமா கேட்டதும் பெரிய விஷயமில்லை. ஆனால் ‘அழுக்கு மாதிரி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வெண்பட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கோட். திரையில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவைதான், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. நீங்கள் எடுத்தது சிவப்பு 245, பச்சை 245, நீலம் 220. சிவப்பும் பச்சையும் சமமாக இருப்பதால் அது வெளிறிய மஞ்சள்தான். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் பச்சைப் பக்கம் சாயும், அதுவும் ஏற்காட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம். இதமான பீஜ் வேண்டுமென்றால் சிவப்பு முந்தி நிற்க வேண்டும், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். 232, 220, 200 என்று வைத்துப் பாருங்கள். இதுவும் உதாரணம்தான். இதைத் தூக்கிக்கொண்டு பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள்.

என் பெரியப்பா சேலம் அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் மேலிருக்கும் கோந்து கரைந்து, எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அப்புறமும் அது சுண்ணாம்பு வெள்ளையாக ஆவதில்லை. நம்மூர் மஞ்சள் பட்டுப்புழுக் கூட்டு நூலுக்கு ஒரு சாயல், வெள்ளைக் கூட்டு நூலுக்கு வேறொரு சாயல். பெரியப்பா இரண்டு நூல் சிட்டங்களை எடுத்துக்கொண்டு காலையில் வாசல்படிக்கு வருவார். தனித்தனியாகப் பார்க்கவே மாட்டார். ஒன்றையொன்று தொடும்படி பிடித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழலில் வைத்துப் பார்ப்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். “இது சிவப்பு ஓடுது, இது பச்சை ஓடுது” என்பார். தெரியாமல் இரண்டையும் ஒரே ஊடையில், அதாவது குறுக்கு நூலில், போட்டுவிட்டால் வேட்டியில் குறுக்கே பட்டை விழுந்துவிடும், வாங்குகிறவர் விரித்த உடனே கண்டுபிடித்துவிடுவார். அதுவரை இரண்டும் ‘வெள்ளை’தான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பீஜ் தன்னந்தனியாக எந்த நிறமும் இல்லை. பக்கத்தில் எதை வைக்கிறீர்களோ, எதை வெள்ளை என்று கண்ணுக்குச் சொல்கிறீர்களோ, அதுதான் அதன் நிறத்தை முடிவு செய்கிறது. 2002இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளேஸ்புரூக், ஐவன் பால்ட்ரி என்ற இரு வானியலாளர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களின் (கேலக்ஸிகளின்) ஒளியைச் சேர்த்து, பிரபஞ்சத்தின் சராசரி நிறம் வெளிர் பச்சை நீலம் என்று அறிவித்தார்கள். சில வாரங்களில் திருத்தமும் வந்தது. மென்பொருளில் ‘வெள்ளை’ எது என்ற அளவுகோல் தவறியிருந்தது. அதைச் சரிசெய்ததும் வந்த நிறம், பால் அதிகம் விட்ட காபி மாதிரி ஒரு பீஜ். வெள்ளை தவறினால் பிரபஞ்சமே பச்சையாகத் தெரியும் என்றால், உங்கள் கடைச் சுவர் எம்மாத்திரம்!

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை டைல்ஸ். மேலே வரிசையாக எல்.இ.டி. டியூப், நீலம் பாய்கிற 6500 கெல்வின் ரகம் என்றுதான் தோன்றுகிறது (கெல்வின் என்பது விளக்கு ஒளியின் நிற அளவு; எண் ஏற ஏற நீலம், குறையக் குறைய மஞ்சள்). இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சுவரைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? எனக்குக் கோபமே வருகிறது. வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் இந்த நீல வெள்ளையைத்தான் சுத்தம் என்று நம்புகிறோம். அதன் பக்கத்தில் வெண்பட்டு வேட்டியும் பழசாகத் தெரிகிறது, காடாத் துணியும் அழுக்காகத் தெரிகிறது. நெய்தவன் கண்ணுக்கு அது அழுக்கில்லை.

டியூப்களைக் கழற்றிவிட்டு 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள பல்புகளைப் போடுங்கள். டைல்ஸை மாற்றப் பணம் இருக்காது என்று தெரியும், பெரிய கோரைப்பாய் இரண்டு விரியுங்கள். அப்புறமும் பச்சை தெரிந்தால் மட்டும் பெயின்ட் மாற்றலாம். அப்போது ஒரு நல்ல வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் எஸ்டேட் களத்தில் காயும் பார்ச்மென்ட் காபியை, அதாவது பழத்தோல் நீக்கி உள்தோலோடு காயவைத்த கொட்டையை, ஒரு கை அள்ளி வாருங்கள். சிவப்பு ஓடுகிற, கதகதப்பான பீஜ் அது. ஒட்டுப்பலகை ஒன்றில் மாதிரி அடித்து, அதன் மேல் கொட்டையைப் பரப்பி, காலை, மூடுபனி இறங்கும் நேரம், இரவு விளக்கு என்று மூன்று வெளிச்சத்திலும் பாருங்கள். போனில் படம் எடுத்துப் பார்க்காதீர்கள், அது தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்திக்கொள்ளும்.

மெனு கார்டில் சாம்பல் எழுத்து போட்டிருக்கிறீர்கள். பீஜ் மேல் அதை வயதானவர்கள் படிக்கவே முடியாது. நல்ல கரும்பழுப்பாக மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.