ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி

வெளிநாட்டு டாக்டர்கள் பிரிட்டனில் வேலை பார்க்க எழுதும் ப்ளாப் தேர்வில் முதலாவதை முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள். "இங்கிலாந்தில் டாக்டர் பற்றாக்குறை, அரசாங்கமே மருத்துவப் படிப்புக்குப் பணத்தைக் கொட்டுகிறது, ஆரம்ப சுகாதார நிலைய வேலையை விட்டுவிட்டு வந்தால் ஸ்பெஷாலிட்டி பயிற்சி சீக்கிரம் கிடைத்துவிடும்தானே அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீட்டு வாடகை, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், எந்த ஊரில் குளிர் குறைவு என்றும். அதெல்லாம் வந்து இறங்கினால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். முதல் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பணம் ஒதுக்கியது உண்மைதான். 2018 முதல் மருத்துவக் கல்லூரி இடங்களை 6,000லிருந்து 7,500 ஆக்கினார்கள். 2023 ஜூனில் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வெளியிட்ட திட்டம், 2031க்குள் அதை 15,000 ஆக்குவோம் என்றது. ஆனால் இது படிப்புக்கான சீட்டு. படித்து, ஃபவுண்டேஷன் என்ற இரண்டு வருட ஆரம்பப் பயிற்சி முடித்தபின் ஸ்பெஷாலிட்டி பயிற்சிக்கு மறுபடி போட்டி போட வேண்டும். அந்த இடங்களுக்கும் அரசுதான் பணம் தருகிறது. அவை அதே வேகத்தில் கூடவில்லை. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். சீட்டு கூடியும் எம்.டி. சீட்டுக்கு வருடக்கணக்கில் நீட் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அதே நிலைதான். 2025இல் சுமார் 10,000 பயிற்சி இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். இங்கேயே பிறந்து படித்த பிள்ளைகள் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். அந்த வருடம் ஜூலையில் வந்த அரசின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், மூன்று வருடத்தில் 1,000 இடம் கூட்டுவோம் என்றது. இங்கே படித்தவர்களுக்கும், என்.எச்.எஸ்.ஸில் கணிசமான காலம் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை என்றும் சொன்னது. நீங்கள் வரிசையில் எங்கே நிற்பீர்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் பற்றாக்குறை என்பது பொய்யா? இல்லை. வார்டில் ஆள் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஆஸ்பத்திரிகள் ட்ரஸ்ட் கிரேடு வேலை என்று பயிற்சி இல்லாத வேலைக்கு ஆள் எடுக்கின்றன. நைட் டியூட்டி உங்களுக்கு, பயிற்சியில் இருப்பவருக்கு ஆபரேஷன் தியேட்டர். இப்போது அந்த வேலைக்கே கூட்டம் மொய்க்கிறது.

இதை மறைத்து "வாங்க வாங்க" என்று வீடியோ போடும் நம் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாதிப் பேர் கோச்சிங் வகுப்பு விற்கிறார்கள். இரண்டு ப்ளாப் தேர்வுக்கும் கட்டணம் மட்டும் 1,200 பவுண்டுக்கு மேல். அதன்மேல் இவர்களுக்கு வேறு அழ வேண்டும். இன்னொரு கூட்டம், தான் கன்சல்டன்ட் என்ற மூத்த நிபுணர் பதவிக்கு வந்ததும் "போதும், கதவை மூடுங்கள்" என்கிறது. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

நான் 2005 கடைசியில் ப்ளாப் முடித்துக்கொண்டு லண்டன் ஈஸ்ட் ஹாமில் கிடந்தேன். அப்போதும் "டாக்டர் தேவை" என்றுதான் அழைத்தார்கள். 2006 மார்ச்சில் அறிவித்து ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து, வெளிநாட்டு டாக்டர்கள் வொர்க் பர்மிட் இல்லாமல் பயிற்சி பெறும் வழியை அடைத்தார்கள். ஒரு மாத அவகாசம்கூட இல்லை. கடன் வாங்கி வேறு விசாவுக்கு மாறியவர்களையும் வேலைக்குக் கடைசியாகத்தான் பரிசீலிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னது. இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான பாபியோ வழக்குப் போட்டது. 2008 ஏப்ரலில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அந்த வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குள் எத்தனையோ பேர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் அரசுப் பணியில் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டில் 50 சதவீதம் உங்களைப் போன்ற அரசு டாக்டர்களுக்கு இருக்கிறது. ராஜினாமா செய்தால் அது போயிற்று. அங்கே எம்.டி. முடித்துவிட்டு வந்தால் உங்கள் நிலையே வேறு.

சர்ஜன் ஆக வந்தவன் நான், முதியோர் மருத்துவத்தில் நிற்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. யார்க்‌ஷயர் தாத்தாக்கள் "நௌட்" என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். மார்வலியோடு வந்தவர்கூட அப்படித்தான் சொல்வார். அதைக் கேட்டதும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

ஈஸ்ட் ஹாமில் அந்த ஒரே அறையில் ஆறு டாக்டர்கள் இருந்தோம். மதியம் கோயில் சாப்பாடு. இன்டர்வியூ கடிதம் வந்தவன் போட்டுக்கொள்ள ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கருப்புக் கோட்டு. மதுரைக்கார நண்பன் ஒருவன் வாங்கியது. 2006 ஜூனில் அவன் ஊருக்குக் கிளம்பியபோது, "இனி எனக்கு எதுக்குடா" என்று அதை என் கட்டிலின் மேல் மடித்து வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒரு இன்டர்வியூகூட வரவில்லை.