தனியாகப் போக மோட்டார்ஹோம்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. மெல்பர்னில் இருக்கிறேன். கணவர் தவறி மூன்று வருடமாகிறது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றதும் மோட்டார்ஹோமில் தனியாகவே பெர்த் வரை போய்வர ஆசை. மகன், "இந்த வயசுல தனியா எதுக்கும்மா?" என்கிறான். ஆறு பேர் படுக்கிற, 7 மீட்டருக்கும் நீளமான பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிவிடட்டுமா?

பதில்: பயணம் போய் வாருங்கள் அம்மா. அந்த வண்டி மட்டும் வேண்டாம். வயது ஒரு தடையே இல்லை. விக்டோரியாவில் உங்கள் வயதுக்கென்று தனி டிரைவிங் டெஸ்ட் கிடையாது. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, அதாவது ஜி.வி.எம்., 4.5 டன் வரை உள்ள வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

ஆனால் கேம்ப்கிரவுண்டில் அந்த நீளத்தை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்ட உங்களுக்கு ஆள் இருக்காது. 6 மீட்டருக்குள் இருக்கும் வேன் போதும். ரிவர்ஸ் கேமரா கட்டாயம். அதைவிட முக்கியமாக, படுக்கையிலிருந்து வண்டியை விட்டு வெளியே இறங்காமலே டிரைவர் சீட்டுக்குப் போக வழி இருக்கிறதா பாருங்கள். ராத்திரியில் ஓர் இடம் மனசுக்குச் சரிப்படவில்லையென்றால், கதவைத் திறக்காமலே வண்டியைக் கிளப்பிவிடலாம். தனியாகப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

முதலில் அப்படி ஒரு வேனை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் வாடகை ஏறிவிடும், அதைத் தவிருங்கள். எச்சூகா பக்கம் மரே ஆற்றோரமாக ஓட்டிப் பாருங்கள். டாய்லெட் கழிவு சேரும் பெட்டியான கேசட்டைத் தூக்கிப்போய், டம்ப் பாயின்ட் என்ற கழிவு கொட்டும் இடத்தில் நீங்களே கொட்டிக் கழுவ வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வாடகை ஒப்பந்தத்தில் தினக்கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகும் எக்ஸஸ் பல ஆயிரம் டாலர் இருக்கும். கூடுதல் பணம் கட்டி அதைக் குறைத்தாலும் கூரைச் சேதம், அடிப்பகுதிச் சேதம், மண்சாலையில் நேர்ந்தது, மாற்றி ஊற்றிய எரிபொருள் இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. தென் மெல்பர்னின் மான்டேகு தெருப் பாலத்தின் உயரம் 3 மீட்டர்தான், அதில் எத்தனை வண்டிகள் மோதியிருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். உங்கள் வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பொழுது சாய்ந்தபின் கங்காரு மோதினால் காப்பீடு உண்டா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழகியபிறகும் சொந்த வண்டி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். வண்டியில் பதித்திருக்கும் தகட்டில் ஜி.வி.எம்.மைப் பார்த்து, அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதில்தான் நீங்கள், சாமான், கேஸ், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. பிறகு உள்ளே ஏறி, கூரை மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழேயும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ரோட்வொர்த்தி சான்றிதழ் இதையெல்லாம் சொல்லாது, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்பதை மட்டுமே சொல்லும். பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்பதை 2 டாலர் கட்டி பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் தேடலாம். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் வாங்கினால் தரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மகனின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. பெர்த் போகும் வழியிலுள்ள நல்லார்பார் சமவெளியில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. அந்த வழியில் பல இடங்களில் போன் எடுக்காது. ஆபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் பி.எல்.பி. என்ற அவசரக் கருவியை வாங்கி, ஆம்சா என்ற ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, மகனின் எண்ணையும் அதில் கொடுங்கள். மாதச் சந்தா எதுவும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனையில் பழம், காய்கறி, தேன் எடுத்துவிடுவார்கள், அதனால் கறிவேப்பிலை வைத்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது செடூனாவிலும் சோதனை உண்டு. எனவே பருப்பும் அரிசியும் மசாலாத் தூளும் இங்கிருந்து எடுத்துப்போய், காய்கறியை எல்லை தாண்டியபின் வாங்கிக்கொள்ளுங்கள்.